ஐம்பத்தெட்டாம் நம்பர் கட்டை

போனில் ஒரு பெண் குரல், "ஏகாம்பரம் சாரா? நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டதும் துண்டித்துவிட்டேன். தெரியாத எண்ணிலிருந்து நம் நலத்தை விசாரிக்கிறவர்கள் அடுத்துக் கேட்பது பேங்க் கார்டின் பின்னால் இருக்கும் மூன்று எண்களைத்தான். மறுபடி அடித்தது. மறுபடியும் துண்டித்தேன். மூன்றாம் முறை, "வெச்சிடாதீங்க சார்! மரவாடிலேர்ந்து பேசறேன், புது மேனேஜர் நிவேதா" என்றாள். எந்த மரவாடி, பழைய முதலாளி பெயர் என்ன, மரம் அறுக்கிற பேண்ட்சா எந்தச் சுவரை ஒட்டி நிற்கிறது என்று கேட்டேன். மூன்றுக்கும் சரியான பதில் வந்த பிறகுதான் "சொல்லும்மா" என்றேன்.

நான் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்த அந்த மரவாடியில் இப்போது ஒவ்வொரு பலகையிலும் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களாம். போனைக் காட்டினால் எந்தக் காட்டு மரம், எந்த லாரியில் வந்தது, என்றைக்கு அறுத்தது எல்லாம் திரையில் வந்துவிடுமாம். வெளிநாட்டுக்கு ஜன்னல் சட்டம் அனுப்பப் போகிறார்கள். வாங்குகிறவன், இதற்கு முன்னால் எப்படிக் கணக்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறான்.

"நீங்கதான் சார் நம்பர் சிஸ்டத்த ஆரம்பிச்சவராம். ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார். பெருமையா போட்டுக்கலாம்."

பெருமையா என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெருமை பேசச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு முழுக் கதையும் தேவைப்படாது, பாதி போதும். எனக்குப் பாதி எழுத வராது. அவள் கேட்டதை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவள் பாடு.

நான் சேர்ந்தது அளவு எடுக்கிற வேலைக்கு. டேப்பைப் பிடிக்க வேண்டும், சுற்றளவைச் சொல்ல வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். முதல் ஐந்து வருஷத்தில் இரண்டே விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, முகர்ந்து பார்த்து மரத்தைச் சொல்வது. இன்னொன்று, எவன் சொல்வதையும் நம்பாமல் இருப்பது. மலைத் தேக்கு என்று வந்து இறங்கும், அறுத்தால் தோட்டத் தேக்காக இருக்கும். நன்றாகக் காய்ந்த மரம் என்று சத்தியம் செய்வான், பிளேடில் ஈரத் தூள் அப்பிக்கொள்ளும். இதிலேயே ஊறிப்போய், வீட்டில் காய்கறி வாங்கினாலும் அடியில் கிடப்பதைப் புரட்டிப் பார்க்காமல் விட மாட்டேன். "கோயில்ல குடுக்கற விபூதியக்கூட மோந்து பாத்துட்டுதான் பூசுவ நீ" என்பாள் என் மனைவி. உண்மைதான், பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. மர டிப்போவில் லாட் லாட்டாக ஏலம் எடுக்கிற கட்டையின் அடிமுகத்தில் வனத்துறைக்காரர்கள் சுத்தியலால் முத்திரை அடித்து அனுப்புவார்கள். லாரியோடு பெர்மிட் வரும். அதுவரை சுத்தம். ஆனால் அறுப்பதற்கு முன்னால் நாங்கள் இரண்டு முனையையும் நறுக்கி நேராக்குவோம். நறுக்கின துண்டோடு முத்திரையும் அடுப்புக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மரம் அனாதைதான். இருபது பலகையை அடுக்கி வைத்து, எது எந்தக் கட்டையின் பிள்ளை என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது.

முதலாளி வரதய்யாவுக்கு இது பொறுக்காது. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தாலும் சந்தேகம் வந்தாலும் அவர் வாயில் தெலுங்குதான் முதலில் வரும். யாராவது, பலகை பிளந்துபோச்சு என்று திருப்பிக் கொண்டுவந்தால் சத்தம் போட மாட்டார். நடு விரலை மடக்கிப் பலகையை மூன்று முறை தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் ஒவ்வொரு கண்ணாக, நிதானமாகத் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும் வரை மரவாடியில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கண்ணாடியை மாட்டிக்கொண்ட பிறகு, "எக்கட நுஞ்சி வச்சிந்தி?" என்பார். எங்கிருந்து வந்தது என்று அர்த்தம். யார் செய்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"லாட்டுல வந்துது மொதலாளி" என்போம்.

"லாட்டுல வந்துதுன்னா? நான்கூட ரயில்ல வந்தவன்தான். எந்த ஊர்ல ஏறினேன், சொல்லு பாக்கலாம்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தீர வேண்டும் என்ற வெறியில்தான் நம்பர் ஏற்பாட்டை ஆரம்பித்தேன். கட்டை லாரியிலிருந்து இறங்கியதும் முனையில் ஒரு நிறப் பொட்டு. தேக்கு என்றால் மஞ்சள், வேங்கை என்றால் சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். பொட்டு வைப்பது கட்டையை இறக்குகிற ஆரோக்கியத்தின் வேலை. பேண்ட்சாவில் அறுப்பதும் அவன்தான். எங்களில் மரம் தெரிந்த கை அவனுடையது. பொட்டைப் பார்த்து நம்பர் போட்டு நோட்டில் ஏற்றுவது என் வேலை. நாற்பத்தொன்றாம் நம்பர் கட்டையை இரண்டாக வகிர்ந்தால் 41/1, 41/2. பலகையானால் பேண்ட்சாவை விட்டு இறங்கும்போதே விளிம்பில் நம்பர் ஏறிவிடும். வாங்குகிறவர்களிடமும், "முனையில நம்பர் இருக்குது, அத மட்டும் சீவிடாதீங்க" என்று சொல்லி அனுப்புவேன். டப்பா பெயிண்ட் வாங்க முதலாளிக்கு மனசு வராது. கலர்ப் பொடியை வஜ்ரப் பசையில் கரைத்துப் பூசுவோம். பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை நடந்தது.

நடந்தது என்றால் சும்மா இல்லை. எந்தப் பலகை திரும்பி வந்தாலும் முதலாளி ஒரு கண்ணைத் துடைத்துவிட்டு மறு கண்ணுக்குப் போவதற்குள் நான் நோட்டைத் திறந்து பதிலைச் சொல்லிவிடுவேன். மற்ற மரவாடிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குப் பத்துப் பதினொரு வருஷம் முன்னால், ஐப்பசியில் ஒரு நாள், மாணிக்கம் ஆசாரி வந்தார். தறிக்குச் சாமான் செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். ஒரு படமரத்துக்குக் கட்டை வேண்டும் என்றார். நெசவாளி நெய்ய நெய்யத் துணி சுற்றிக்கொள்கிற உருளைக்குப் பெயர்தான் படமரம். தேக்கு வரிசையிலிருந்து ஐம்பத்தெட்டாம் நம்பர் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஆசாரி அதைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். முனையை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா ஏகாம்பரம், கனமா இருக்குது? வாசன கூட வேற மாதிரி அடிக்குதே."

"நம்பரப் பாரு ஆசாரி. மஞ்சப் பொட்டு கீது, நோட்டுல தேக்குன்னு கீது. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

"இல்லப்பா, கைக்கு ஒரு மாதிரி..."

"உன் கைக்கு வயசாயிடுச்சு. என் நோட்டு பொய் சொல்லாது."

அவர் சிரித்துவிட்டார். "சரிப்பா, நீ சொன்னா சரி" என்று தூக்கிக்கொண்டு போனார். உலகத்தில் ஒருத்தரையும் நம்பாத நான், அன்றைக்கு அந்தக் கட்டையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் ஆசாரி அந்தப் படமரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பின்னால் பிள்ளையார்பாளையத்து நெசவாளி சேகரும் அவர் மனைவி கனகாவும் வந்தார்கள். சேகர் கையில் துணி சுற்றின மூட்டை இருந்தது. முதலாளி மேஜை மேல் அதைப் பிரித்தார். கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு நெய்த வெள்ளைப் பட்டு. அதில் பழுப்பாக, திட்டுத் திட்டாகக் கறை.

"காப்பி கொட்டிட்டேன்றாரு சார் எங்க மொதலாளி" என்றார் சேகர். அவர் சொன்னது பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கிற பட்டு முதலாளியை. "இனிமே உனுக்குப் பாவு கெடயாது, தறிய மூடிட்டு வேற வேல பாருன்னுட்டாரு. ரெண்டு பேரும் ராட்டையும் தறியுமா இருபது வருஷம், ஒரு பொட்டு அழுக்கு பட்டதில்ல சார் எங்க கையில." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கனகா அழவில்லை. புடவையை நீட்டிப் பிடித்துச் சாண் போட்டுக் காட்டினாள். "தோ பாருங்க. ஒன்ற சாண் விட்டு ஒன்ற சாண், ஒரே எடத்துல. போகப் போக வெளுத்துக்கினு போவுது. காப்பி கொட்னா இப்பிடி அளந்து அளந்தா கொட்டும்? இது படமரத்த சுத்தின சுத்து. தறிக்குழில ஈரம் ஏறினதும் மரம் சாயம் உட்டுக்கீது."

"தேக்கு சாயம் உடாதும்மா" என்றேன் நான்.

"தேக்கு உடாது சார். எங்க மாமனாருக்கு சக்கர. அவருக்கு வேங்க டம்ளர்ல ராவெல்லாம் தண்ணி ஊத்தி வெச்சு காலைல குடுக்கறேன். இந்தக் கலர டெய்லி பாக்கறேன் நானு."

முதலாளி இழைப்புளியால் படமரத்தில் இரண்டு சுருள் சீவி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தார். நாங்கள் ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீத்தண்ணி மாதிரி ஆனது. வெளிச்சம் படுகிற பக்கம் லேசாக நீலம் மின்னியது. வேங்கையேதான். முதலாளி படமரத்தை மூன்று தட்டு தட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"எக்கட நுஞ்சி வச்சிந்தி?"

முனையில் ஆசாரி சீவாமல் விட்ட 58 அப்படியே இருந்தது. நோட்டைத் திறந்தேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்த லாட். அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"நெறம் வெச்சது ஆரோக்கியம், மொதலாளி."

ஆரோக்கியம் பேண்ட்சாவை நிறுத்திவிட்டு வந்தான். தலையெல்லாம் மரத்தூள். கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் வெக்கல சார்."

"அப்ப பெருமாள் வந்து வெச்சாரா?" என்றேன் நான்.

"எனக்குத் தெரியாது சார். நான் வெக்கல."

அதற்குப் பிறகு நான்தான் பேசினேன். அவன் புதிதாக ஒரு செகண்ட் ஹாண்ட் பைக் வாங்கியிருந்தான். அந்த வாரம் டீக்கடையில் வேறொரு மரவாடி லாரி டிரைவரோடு நின்று சிரித்துப் பேசியதை நான் பார்த்திருந்தேன். இரண்டையும் முடிச்சுப் போட்டேன். வழியில் தேக்கை இறக்கிவிட்டு வேங்கையை ஏற்றி, மேலே மஞ்சள் பொட்டு வைத்துவிட்டால் எவனுக்குத் தெரியும் என்று கேட்டேன். ஏனாத்தூர்ப் பக்கம் காலனியிலிருந்து வருகிறவன் அவன். அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். என் சந்தேகம் அவ்வளவு சுலபமாக அவன் மேல் போய் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்றைக்கு நானே எழுதுகிறேன்.

"கொஞ்ச நாள் வீட்ல இருப்பா" என்றார் முதலாளி. ஆரோக்கியம் இடுப்பில் கட்டியிருந்த கோணிச் சாக்கை அவிழ்த்து மடித்தான். பேண்ட்சா ரூம் சாவியைக் கொண்டுவந்து வைத்தான். முதலாளி மேஜை மேல் வைக்கவில்லை, என் மேஜை மேல் வைத்தான்.

மரவாடி தன் தவறென்று எழுதிக் கொடுத்தால் பாவு தருகிறேன் என்று பட்டு முதலாளி சொல்லி அனுப்பினார். எங்கள் முதலாளியோ, "திருடினதா தவறினதா தெரியாம நான் எத எழுதறது? மொதல்ல அத கண்டுபுடி" என்று என்னிடம் சொல்லிவிட்டார். ஆக, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி சும்மா கிடந்தது. ஏனாத்தூரில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தான். இரண்டு வீட்டு உலையும் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் டிரைவரைத் துருவினேன். டீக்கடைக்காரரைத் துருவினேன். ஒன்றும் பெயரவில்லை. பத்து நாள் கழித்துத்தான் அந்த லாட்டின் பெர்மிட்டை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. திருடன் யார் என்று தெரிந்துவிட்டவனுக்குப் பெர்மிட் எதற்கு? அதில் தெளிவாக எழுதியிருந்தது: தேக்கோடு வேங்கை மூன்று கட்டை. வழியில் எவனும் எதையும் மாற்றவில்லை. டிப்போவிலிருந்தே வேங்கை வந்திருக்கிறது. என் நோட்டில்தான் வேங்கை என்று ஒரு வரிகூட இல்லை, எல்லாமே தேக்கு.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. திருடன் இல்லை என்றால் குருடன் என்று முடிவு கட்டினேன். சிவப்பு வைக்க வேண்டிய மூன்றுக்கும் ஆரோக்கியம் மஞ்சளை வைத்துவிட்டான். பொறுப்பில்லாத பயல்.

இன்னும் ஒரு வாரம் போனது. மற்ற இரண்டு வேங்கைக் கட்டையும் எங்கே என்று அடுக்கில் தேடினேன். ஐம்பத்தேழு மட்டும் மேலே, கூரைக்கடியில் நனையாத இடத்தில் கிடைத்தது. முகர்ந்தேன், வேங்கை. முனையில் மஞ்சள் பொட்டு. அதைக் கட்டைவிரலால் தேய்த்தேன். வஜ்ரம் கலந்த கலர் என்றால் லேசில் வராது. இது விரலோடு வந்தது. கையைத் துடைக்காமலே வந்து நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை இழுத்தேன். நோட்டின் அட்டையில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. என் விரலில் இருந்ததும் அதே மஞ்சள். விரலை முகர்ந்தேன். சந்தனமும் மஞ்சளும் மணத்தது.

அட பாவி ஏகாம்பரம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம்தான் அந்த லாரி வந்தது. அதற்குள் மரவாடியைக் கழுவி, என் நோட்டு, டேப், பிரஷ், கலர் டப்பா எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கியாகிவிட்டது. நம்பர் போட வேண்டும், பிரஷைக் கொடுங்கள் என்று நானே கேட்டேன். "சாமிகிட்ட வெச்சத விஜயதசமிக்கு முன்னாடி தொடாத" என்றார் முதலாளி. ஆரோக்கியம் கட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் பூஜை. எங்கள் மரவாடியில் இயந்திரத்துக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதாது. ஒவ்வொரு கட்டைக்கும் வைக்க வேண்டும், அதுவும் நோட்டு எழுதுகிற கையால் வைக்க வேண்டும் என்பது முதலாளியின் வழக்கம். கிண்ணத்தில் சந்தனமும் மஞ்சளும் குழைத்து, முதலில் நோட்டு அட்டைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கட்டையின் முனையிலும் வட்டமாக அப்பினேன், நடுவில் குங்குமம் வைத்தேன். அன்றைக்கே மழை அடித்தது. குங்குமம் கரைந்து ஓடிவிட்டது. மஞ்சள் மரத்தின் சொரசொரப்பில் தங்கிவிட்டது. லீவு முடிந்து நான் பிரஷோடு வந்தபோது எல்லாக் கட்டையிலும் மஞ்சள் வட்டம். குங்குமம் இல்லாததால் அது நான் வைத்த பூஜைப் பொட்டு என்று நினைவே வரவில்லை, ஆரோக்கியம் நிறம் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். பிரஷும் கலர் டப்பாவும் சாமிகிட்ட இருந்தபோது அவன் எதை வைத்துப் பொட்டு வைத்திருப்பான்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வரிசையாக நம்பர் போட்டு, தேக்கு, தேக்கு, தேக்கு என்று எழுதிக்கொண்டே போனேன். நிஜத் தேக்குகளுக்கு அது தற்செயலாகச் சரியாகவே இருந்தது. அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பூஜை மஞ்சளுக்கும் கலர்ப்பொடி மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்பீர்கள். பார்த்தால் தெரியும். நான் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தேழின் முனையை நறுக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, நம்பர்காரன் என்ற பெயர் போய்விடுமே என்பதுதான் பெரிதாக இருந்தது. பிறகு மேஜை மேல் கிடந்த பேண்ட்சா சாவி கண்ணில் பட்டது. பதினேழு நாளாக அதை நான் எடுத்து ஆணியில்கூட மாட்டவில்லை. நோட்டையும் கட்டையையும் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

"எக்கட நுஞ்சி வச்சிந்தின்னு இத்தன வருஷமா கேக்கறேன்" என்றார் கடைசியில். "காடுன்ன, லாரின்ன, டிப்போன்ன. என்கிட்டேர்ந்துன்னு நீ ஒரு தரம் கூட சொன்னதில்ல."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. அன்றே கடிதம் எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லி, படமரத்தோடும் ஒரு டம்ளரோடும் அவரே பட்டு முதலாளி வீட்டுக்குப் போனார். அந்தப் புடவை கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆனால் அந்த வாரமே சேகர் தறியில் புதுப் பாவு ஏறியது. மாணிக்கம் ஆசாரி நல்ல தேக்கில் வேறு படமரம் செய்து கொடுத்தார். "அன்னிக்கே கேட்டேன் இல்ல? என் மூக்க உட்டுட்டு உன் நோட்ட நம்பினேன் பாரு, என்னத்தான் செருப்பால அடிக்கணும்" என்றார். அடி எனக்குத்தான் விழுந்தது.

மறுநாள் ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். அவன் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டுச் சிமெண்ட் கையோடு வந்தான். அவன் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. அது சரிதான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அதற்கு முன் சொன்ன ஞாபகம் இல்லை.

"நீங்க என்ன சந்தேகப்பட்டது எனக்கு ஆச்சரியமே இல்ல சார்" என்றான். "நீங்க ஆரத்தான் படல? உங்க மேல உங்களுக்கு சந்தேகம் வர பதினேழு நாளு ஆச்சே, அதான் சார் மனசுக்குக் கஷ்டமா இருக்குது."

"வந்துடுப்பா. சாவி என் மேஜ மேலயே கீது."

"வர்றேன். ஆனா ஒண்ணு. உங்க நோட்டுல மரத்துக்கு நம்பர் கீது, லாரிக்கு நம்பர் கீது. தேக்குன்னு சொன்னவன் பேரு இல்ல. அதுக்கு ஒரு கட்டம் போடுங்க. கட்டய மோந்து பாத்து எவன் சொல்றானோ, அவன் பேரு அங்க இருக்கணும். நான் சொன்னா என் பேரு. நீங்க சொன்னா உங்க பேரு. அப்பறம் எவனும் எவனையும் கேக்க வேணாம்."

சாதாரணக் கட்டம், ஒரு விரல் அகலம். 'சொன்னவர்' என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழித்தேன். அதற்குப் பிறகு நிறம் மட்டும் பார்த்து ஒரு கட்டையும் உள்ளே போகவில்லை. சந்தேகம் வந்தால் இரண்டு சுருள் சீவித் தண்ணீரில் போட்டோம். லாட் வந்தால் பூஜையானாலும் நம்பர் போட்ட பிறகுதான் பொட்டு என்று முதலாளியே வழக்கத்தை மாற்றினார். ஒவ்வொரு கட்டையும் பேண்ட்சா மேல் ஏறுவதற்கு முன்னால், நான் எங்கே நின்றாலும் ஆரோக்கியம் அங்கிருந்தே கத்துவான், "சார், இது யார் பேரு?" நான் ஓய்வு பெறுகிற நாள் வரை அதைக் கேட்டேன். குத்திக் காட்டுகிறான் என்று முதல் ஆறு மாசம் சந்தேகப்பட்டேன். பிறகு அது வேலையாகிவிட்டது. எனக்குப் பிறகும் நான்கு வருஷம் அவன் அந்தப் பேண்ட்சாவில் நின்றான்.

நிவேதா கேட்டது இங்கேயே முடிந்தது. ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம் என்று போன வாரம் மரவாடிக்குப் போனேன். அந்தப் பெண் மரியாதையாக நாற்காலி போட்டாள். ஒரு பலகையை எடுத்து வைத்து ஸ்டிக்கரின் மேல் போனைப் பிடித்தாள். மரம் தேக்கு, லாட் எண், வந்த நாள், அறுத்த நாள் எல்லாம் வரிசையாக வந்தது. எனக்குக்கூடக் கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருந்தது.

"தேக்குன்னு சொன்னது யாரும்மா?"

"சிஸ்டம் சார்."

"சிஸ்டத்துக்கு மூக்கு கீதா?"

சிரித்தாள். "என்ட்ரி போட்டவங்க ஐடி இருக்குது சார். தோ, ஆபரேட்டர் நாலு."

"நாலு யாரு?"

அவள் உள்ளே திரும்பிக் கேட்டாள். யாரோ பதில் சொன்னார்கள். "அவரு போன வருஷமே நின்னுட்டாராம் சார். பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும், அந்த ஐடிலதான் எல்லாரும் போட்டுக்கினு இருக்காங்களாம்" என்று சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. கெட்டிக்காரப் பெண், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டேன். பலகையில் இரண்டு சுருள் சீவிப் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தேன். வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பலகையை முகர்ந்தேன். தேக்குதான். நிவேதா பெருமூச்சு விட்டாள்.

அவள் சட்டைப் பையிலிருந்த மார்க்கரை வாங்கி, ஸ்டிக்கருக்குக் கீழே 'சொன்னவர்: ஏகாம்பரம்' என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

"எதுக்கு சார்? சரியாத்தான இருக்குது?"

"சரியா கீது. அதான் இப்பவே எழுதறேன். தப்பாயிட்ட பிறகு நான் எழுத மாட்டேம்மா. ஆரோக்கியம்னு ஒருத்தன் பேரத்தான் சொல்லுவேன்."